கெப் வண்டியின் அடியில் ‘டங்’: அறிகுறியைப் பிடித்துப் பழுதைத் தேடும் முறை

கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் ‘டங்’. இறக்கத்தில் எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டக்’. வளைவில் திரும்பும்போது எங்கோ பின்னால் ஓர் அடி. இலங்கை மலையகத்தில் கெப் (பின்னால் திறந்த பெட்டியுள்ள பிக்அப் வண்டி) வைத்திருப்பவர்கள் கராஜுக்குக் கொண்டுவரும் முறைப்பாடுகளில் இவ்வளவு அடிக்கடி வருவது வேறில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட பிறகு கொண்டுவரப்படுவதும் இதுதான். வண்டி ஓடுகிறதே, பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடுகிறார்கள்.

தள்ளிப்போடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போதும், றம்பொடை வளைவுகளில் இறங்கும்போதும் வண்டியைப் பாதிக்கு மேல் தாங்குவது கியர்தான். அந்தப் பிடி பின் சில்லுகளுக்குப் போகும் ஒரே வழி, கியர்பெட்டியிலிருந்து பின் அக்சிலுக்குப் போகும் சுழல்தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதிலுள்ள ஒரு ஜொயின்ட் உடைந்தால் இழுவை போவதோடு நிற்காது, கியரின் பிடியும் அந்தக் கணமே போய்விடும். ஏற்கெனவே சூடேறிய கால் பிரேக் மட்டும்தான் மிஞ்சும். முன்பக்க ஜொயின்ட் உடைந்தால் ஷாஃப்டின் நுனி தாரில் குத்தும், அல்லது சுழன்றபடியே பிரேக் குழாயையும் அடித்துக்கொண்டு போகும். அதனால் இந்தச் சத்தத்தைப் பிரேக் பழுதுக்குச் சமமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் பழைய ஹைலக்ஸ், எல்200, பொலேரோ வண்டிகளே மரக்கறியும் உரமும் ஆட்களும் ஏற்றின. இன்னும் ஏற்றுகின்றன. கீழே உள்ளவை பின் சில்லு இழுக்கும் இத்தகைய கெப்களுக்கும் அவற்றின் நான்கு சில்லு இழுவை வகைகளுக்கும் பொருந்தும்.

## அடியில் போவதற்கு முன்

சமமான தரை வேண்டும். நம் பக்கத்தில் அது இலகுவில் கிடைக்காது. தொழிற்சாலை முற்றமோ, கொழுந்து மடுவத்துக்கு முன்னாலுள்ள இடமோ, விளையாட்டு மைதானத்தின் ஓரமோ தேடிப் போங்கள். சரிவில் ஜாக் அடிக்காதீர்கள்.

கியரில் போட்டிருக்கிறேன், நகராது என்ற நம்பிக்கைதான் ஆளைக் கொல்கிறது. பின் சில்லு ஒன்றைத் தூக்கியதுமே கியரின் பிடி போய்விடும். தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுழல, தரையிலுள்ள சில்லு மறுபக்கம் உருளும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியரும் பிடிக்காது, ஆட்டோ கியர் வண்டியின் ‘பி’ (பார்க்) நிலையும் பிடிக்காது. ஆகவே முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி உடம்பை உள்ளே விடாதீர்கள். இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். சீமெந்துக் கல் பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும், அதை அடுக்காதீர்கள்.

அடுத்து, செலவில்லாத பத்து நிமிட வேலை. உதிரிச் சில்லு அதன் சங்கிலியில் தளர்ந்திருக்கிறதா? ஜாக்கும் ஸ்பேனர்களும் இருக்கைக்குப் பின்னால் உருள்கின்றனவா? பின் கதவின் கொக்கி, புகைக் குழாயைத் தாங்கும் ரப்பர், சில்லு நட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் சத்தம் என்று வருகிற வண்டிகளில் கணிசமானவை இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

## அறிகுறி: நின்று கிளம்பும்போது ஒரு ‘டங்’, நிறுத்திய பின் இன்னொன்று

கிரீஸ் இல்லாத ஸ்பிளைன். பாரம் ஏறி இறங்கும்போது பின் அக்சில் மேலும் கீழும் போவதற்கு ஏற்ப ஷாஃப்ட் நீண்டு சுருங்க வேண்டும். அதற்கான பல் வரிசையில் கிரீஸ் காய்ந்தால் அது வழுக்காமல் சிக்கிச் சிக்கி நகரும். அந்த நகர்வுதான் ‘டங்’. நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) துணியால் துடைத்து, கிரீஸ் கன்னால் 2 ஆம் இலக்க லித்தியம் கிரீஸை மெதுவாக ஏற்றுங்கள். ஓரத்தில் புதுக் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் உள்ளே இடமின்றி ஷாஃப்ட் சுருங்க முடியாமல் போகும். அந்த அழுத்தம் கியர்பெட்டி பெயாரிங்கைத் தள்ளும். சத்தம் அன்றே நின்றால் காரணம் இதுதான். ஒரு கிழமையில் திரும்பி வந்தால் பல் தேய்ந்திருக்கிறது.

தளர்ந்த யூ போல்ட். பின் அக்சிலை ஸ்பிரிங் பட்டைகளோடு கட்டிப் பிடிப்பது இதுதான். நட்டைச் சுற்றி, சேறு படியாத, பளபளக்கும் இரும்புக் கோடு தெரிந்தால் அங்கே ஏதோ நகர்கிறது. இறுக்கிவிட்டு, பாரம் ஏற்றி ஓரிரு நாள் ஓடிய பின் மறுபடியும் இறுக்கிப் பாருங்கள். இறுக்கியும் அக்சில் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கிறது என்றால் பட்டைகளை ஊடுருவும் நடு ஆணி அறுந்திருக்கலாம். அந்த நிலையில் பாரம் ஏற்ற வேண்டாம்.

என்ஜின், கியர்பெட்டி மவுன்ட் (தாங்கும் ரப்பர்). பொனட்டைத் திறந்து வையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் மிதித்து, ஒருவர் கிளச்சை வண்டி அசையத் தொடங்கும் அளவுக்கு மட்டும் விடட்டும். நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. என்ஜின் ஒரு பக்கம் துள்ளி எழுந்து விழுந்தால் ரப்பர் பிரிந்துவிட்டது. கியர்பெட்டி மவுன்டைக் கீழிருந்து இரும்பு லீவரால் நெம்பிப் பார்க்கலாம். ஒயில் கசிந்து ஊறிய ரப்பரை மாற்றும்போது கசிவையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் புது ரப்பரும் அதே வழியில் போகும்.

## அறிகுறி: ரிவர்ஸிலிருந்து முன் கியருக்கு மாற்றினால், அல்லது காலை எடுத்து மறுபடி மிதித்தால் ‘டக்’

மலைப் பாதையில் என்ஜின் வண்டியை இழுப்பதும் வண்டி என்ஜினைத் தள்ளுவதும் வளைவுக்கு வளைவு மாறிக்கொண்டே இருக்கும். இடைவெளி எங்கே இருந்தாலும் அந்த மாற்றத்தின்போது அது தட்டும். முதலில் பார்க்க வேண்டியது யூனிவர்சல் ஜொயின்ட், அதாவது கராஜில் கிராஸ் என்று சொல்லும் சிலுவைத் துண்டு.

கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கட்டைகள் இருக்கின்றனவா என்று மறுபடி பார்த்துவிட்டு அடியில் போங்கள். ஒரு கையால் ஷாஃப்டையும் மறு கையால் டிஃபரென்ஷியல் (பின் அக்சிலின் நடுவிலுள்ள பற்சில்லுப் பெட்டி) பக்கத்து யோக்கையும் (கிராஸைத் தாங்கும் கவை) பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். இரண்டும் ஒன்றாக அசைந்தால் கிராஸ் நன்றாக இருக்கிறது. ஒன்று முந்தி மற்றது பிந்தி அசைந்தால், அது மயிரிழை அளவானாலும், கிராஸ் முடிந்துவிட்டது. இதில் ‘கொஞ்சம் ஆட்டம்தானே’ என்ற பேச்சுக்கு இடமில்லை. பிறகு யோக்குகளுக்கு நடுவே லீவரை விட்டு மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். முன், நடு, பின் என்று எத்தனை ஜொயின்ட் இருக்கின்றனவோ அத்தனையையும் பாருங்கள்.

டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, சிலுவையின் நான்கு முனைகளிலும் உள்ள கோப்பைகளின் விளிம்பைக் கவனியுங்கள். மிளகாய்த்தூள் தடவியது போல் செந்நிறத் துரு ஒட்டியிருந்தால் உள்ளே ஊசி உருளைகள் காய்ந்து அரைபடுகின்றன. கிரீஸ் ஏற்றும்போது நான்கு கோப்பைகளிலிருந்தும் பழைய கிரீஸ் வெளியேற வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் உடையும்.

கிராஸ் மாற்றுவது, கையில் வைஸும் பொறுமையும் உள்ளவர் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. சில இடங்களில் மட்டும் கவனம் தேவை.

ஷாஃப்டைக் கழற்றும் முன், இரண்டு பக்கப் பிளான்ஜிலும் (போல்ட் பூட்டும் தட்டு) ஸ்பிளைனின் இரண்டு பாதிகளிலும் பெயின்டால் ஒரே நேர்க்கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் யோக்குகளின் நேர் தவறும். ‘டக்’ போய் நடுக்கம் வந்து சேரும், புதுக் கிராஸும் சீக்கிரமே தேயும்.

புதியதை வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிகளிலேயே ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறுகிறது. கோப்பையின் விட்டத்தையும் எதிரெதிர்க் கோப்பைகளின் வெளி அகலத்தையும் வேர்னியரால் அளந்து, பழையதையும் கையோடு கொண்டு போங்கள். உதிரிப்பாகக் கடைகளுள்ள கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்புவதானாலும் அளவை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

கோப்பையை அழுத்தும்போது சர்க்ளிப் (கோப்பையை நிறுத்தும் வளையம்) அதன் காடிக்குள் விழவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காதீர்கள். ஓர் ஊசி உருளை சரிந்து கோப்பையின் அடியில் குறுக்கே கிடக்கிறது. கழற்றி, கிரீஸ் தடவி, ஊசிகளை நிறுத்தி வைத்து மறுபடி போடுங்கள். பூட்டிய பின் ஜொயின்ட் எல்லாத் திசைக்கும் சீராக மடங்க வேண்டும். அச்சுத் திசையில் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது டொயோட்டா தரும் அளவு. அதற்காகவே வெவ்வேறு தடிப்பில் சர்க்ளிப் கிடைக்கிறது.

கோப்பை உட்காரும் யோக்கின் துளையே தேய்ந்து, புதுக் கோப்பை கையால் தள்ளினாலே போகிறது என்றால் வீட்டு வேலை அதோடு முடிந்தது. பற்றவைத்துச் சமாளிக்கிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். லேத் பட்டறையில் யோக்கை மாற்றி, ஷாஃப்டைச் சமநிலைப்படுத்தியே பூட்ட வேண்டும்.

கிராஸ் எல்லாம் நன்றாக இருந்தும் ‘டக்’ தொடர்ந்தால், டிஃபரென்ஷியல் பிளான்ஜின் நான்கு போல்ட்களையும் இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகே டிஃபரென்ஷியலைச் சந்தேகியுங்கள். ஷாஃப்டும் பிளான்ஜும் ஒன்றாகச் சற்றே திரும்பி நிற்பது இயல்பு. பற்களுக்கு இடையே அந்த இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

## அறிகுறி: மெதுவாகப் போகையில் ‘கிரீச், கிரீச்’

வேகத்தோடு சேர்ந்து விரைவாகும், ஜன்னலைத் திறந்து மதில் ஓரமாகப் போனால் தெளிவாகக் கேட்கும். இது காய்ந்த கிராஸின் சத்தம். ‘டக்’ இதற்கு அடுத்த கட்டம். இப்போதே கிரீஸ் ஏற்றினால் சில வேளை பிழைக்கும். நிப்பிள் இல்லாத கிராஸ் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், வடகிழக்கு மழையில் வெலிமடை, பதுளைப் பக்கமும் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ் என்பது போதாது. நீர் பீய்ச்சிக் கழுவிய ஒவ்வொரு தடவையும் கிரீஸ் ஏற்றுங்கள். அந்த அழுத்தம் சேற்றை மட்டுமா கழுவுகிறது, சீலைத் தாண்டி உள்ளேயும் போகிறது.

## அறிகுறி: பாரத்தோடு ஏற்றத்தில் கிளம்பும்போது நடுக்கமும் ‘டங்’கும்

நீளமான கெப்களில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பருக்குள் தொங்குவது சென்டர் பெயாரிங். அந்த இடத்தில் ஷாஃப்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். ரப்பர் சற்று இணங்கும், ஆனால் கிழிந்து தொங்கக் கூடாது. பெயாரிங்கைச் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது. மாற்றுவதற்குப் பிரஸ் வேண்டும், ஆகவே ஷாஃப்டைக் கழற்றிக் கராஜுக்கு எடுத்துச் செல்வது மலிவு. கோடு போட மறக்க வேண்டாம்.

ஸ்பிரிங்கில் பட்டை கூட்டிய பிறகு இந்த நடுக்கம் தொடங்கியதா? கந்தப்பளை, ராகலைப் பக்கத்து மரக்கறி வண்டிகளில் இது வழக்கம். பட்டை கூடும்போது பின் பக்கம் உயர்கிறது, ஷாஃப்டின் சரிவுக் கோணம் மாறுகிறது, கிராஸ் நேராக ஓட முடியாமல் திணறுகிறது. இதற்குப் புதுக் கிராஸ் வாங்குவது வீண் செலவு. கோணத்தைச் சரிசெய்யும் ஆப்புத் தகடு வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், அல்லது கூட்டிய பட்டையை எடுத்துவிட்டு அதற்கேற்றபடி பாரத்தைக் குறையுங்கள். நான் இரண்டாவதையே சொல்வேன்.

## அறிகுறி: கூர்மையான வளைவில் மட்டும்

நான்கு சில்லு இழுவை வண்டி என்றால் முதலில் அந்த இழுவையை மாற்றும் லீவரைப் பாருங்கள், அடியைப் பிறகு பார்க்கலாம். சேற்றுப் பாதையிலிருந்து தார்ப் பாதைக்கு ஏறிய பின்னும் லீவர் ‘4எச்’சில் (நான்கு சில்லும் இழுக்கும் நிலை) இருந்தால் வளைவில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்கும். இந்தக் கெப்களில் பெரும்பாலானவற்றில் அதைச் சமாளிக்க நடு டிஃபரென்ஷியல் கிடையாது. முறுக்கம் சேர்ந்து சேர்ந்து, ஸ்டியரிங் இறுகி, டயர் வழுக்கும் இடத்தில் ‘டங்’ என்று விடுபடும். நேராகச் சில மீட்டர் ரிவர்ஸில் போய் ‘2எச்’சுக்கு (பின் சில்லுகள் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றுங்கள். லீவர் மாறியும் நான்கு சில்லு இழுவை விளக்கு அணையவில்லை, இறுக்கம் போகவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) அல்லது முன் ஹப் விடுபடவில்லை. அதைத் திறப்பது கராஜ் வேலை.

முன்பக்கத்தில் ‘டிக் டிக் டிக்’ என்று தொடர்ச்சியாகக் கேட்டால் முன் அக்சிலின் வெளி ஜொயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும்.

பின்னால் கேட்டால் இரண்டு பின் சில்லுகளையும் ஸ்டாண்டில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒருவர் ஷாஃப்டை அசையாமல் பிடிக்க, ஒரு சில்லைக் கையால் திருப்புங்கள். மறு சில்லு எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அது சுழலத் தொடங்கும் முன் முதல் சில்லு வெறுமனே நெடுந்தூரம் ஆடினால் உள்ளே உள்ள சிறு பற்சில்லுகளும் அவற்றின் தகடுகளும் தேய்ந்துவிட்டன.

## அறிகுறி: சரிவில் நிறுத்திய ஆட்டோ கியர் வண்டியைக் கிளப்பும்போது மட்டும்

இது பழுதே இல்லை. வண்டியின் முழுப் பாரமும் ‘பி’ நிலையின் சிறு கொக்கியில் தொங்கியிருக்கிறது, அதை விடுவிக்கும்போது அடிக்கிறது. கால் பிரேக்கை மிதித்து, நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டியை அதன் மேல் உட்காரவிட்டு, அதன் பிறகே ‘பி’க்குப் போங்கள். சத்தம் நின்றுவிடும். அப்படி உட்காரும்போது வண்டி உருண்டால் சரிபார்க்க வேண்டியது ஹேண்ட் பிரேக்கைத்தான்.

## அறிகுறி: பிரேக் மிதித்தால் மட்டும், குழியில் மட்டும்

ரிவர்ஸில் வந்தபின் முதல் மிதியில் ஒரே ஒரு ‘டக்’ என்றால் பிரேக் பேட் இடம் மாறி உட்காருகிறது. அதன் கிளிப்பைப் பாருங்கள். குழியில் விழும்போது மட்டும் கேட்பது ஷெக்கல் புஷ் (ஸ்பிரிங் முனையிலுள்ள ரப்பர்), ஷொக் அப்சோர்பர் வகையறா. இரண்டுக்கும் ஷாஃப்டோடு தொடர்பில்லை.

## அறிகுறி: ‘டங்’கோடு ஊளைச் சத்தமும்

எக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி. டிஃபரென்ஷியல் பேசுகிறது. நீங்கள் செய்யக்கூடியது ஒயிலைப் பார்ப்பது மட்டுமே.

மேலே உள்ள ஊற்றும் துளையின் ஆணியை முதலில் கழற்றுங்கள். அது திறக்க மறுத்தால் ஒயிலை வடிக்கும் கீழ் ஆணியைத் தொடாதீர்கள். வடித்த பிறகு ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும். விரலை விட்டால் துளையின் விளிம்புக்கு ஒயில் நிற்க வேண்டும். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது: ஓடையில் இறங்கிய சூடான அக்சில் குளிர்ந்து உள்ளே உறிஞ்சியது. அக்சிலின் மேலுள்ள மூச்சுக் குழாயைச் சேறு நீக்கிச் சுத்தம் செய்யுங்கள். கீழ் ஆணியின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருப்பது இயல்பு. நகத்தில் தட்டுப்படும் துண்டுகளோ செதில்களோ இருந்தால் வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

பினியன் (டிஃபரென்ஷியலுக்குள் ஷாஃப்ட் சுழற்றும் சிறு பற்சில்லு) பிளான்ஜை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். அங்கே சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் பெயாரிங் போய்விட்டது. சிலர் உடனே பெரிய ஸ்பேனரைப் போட்டு நடு நட்டை இறுக்குவார்கள், சத்தமும் சில நாள் அடங்கும். அதைச் செய்யவே செய்யாதீர்கள். பெரும்பாலான கெப்களில் அந்த நட்டுக்குப் பின்னால், அளவாக நசுங்கிப் பெயாரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கும் குழல் ஒன்று இருக்கிறது. கண்மூடி இறுக்கினால் அது அளவுக்கு மேல் நசுங்கி, பெயாரிங் சூடேறி, கடைசியில் பற்சில்லும் போகும். ஒரு பெயாரிங்கின் விலையில் முடிந்திருக்க வேண்டியது முழு டிஃபரென்ஷியலாகிவிடும்.

இந்த வேலையை டயல் கேஜ் வைத்து அளப்பவரிடம் மட்டுமே கொடுங்கள். ஹைலக்ஸின் 8 அங்குல டிஃபரென்ஷியலில் பற்களின் இடைவெளி 0.13 முதல் 0.18 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து அதைச் சொல்ல யாராலும் முடியாது. எதால் அளப்பீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கழற்றிய பழைய பெயாரிங்குகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய பாகமாக முழு டிஃபரென்ஷியல் வாங்குவதென்றால் பற்சில்லுகளின் விகிதம் உங்கள் வண்டியினுடையதுதானா என்று பற்களை எண்ணிச் சரிபாருங்கள், நான்கு சில்லு இழுவை வண்டிக்கு இது கட்டாயம். முன்னும் பின்னும் விகிதம் வேறானால் ‘4எச்’ போட்ட முதல் நாளே ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். வண்டி திரும்பி வந்தபின் முதல் இறக்கத்தை வெறும் வண்டியாக இறங்கி, கீழே நிறுத்தி, பினியன் பக்கத்து உறையின் அருகில் கையைக் கொண்டு போங்கள். சூடு தாங்காமல் கையை எடுக்க வேண்டியிருந்தால் பாரம் ஏற்றாமல் அப்படியே கராஜுக்குத் திருப்புங்கள்.